பாடம் பண்ணிக்கொண்டு வாருங்கள்

"மூணு துறையில முனைவர் பட்டம் வாங்கிட்டேன்மா. பேச்சுன்னா என்னன்னு இன்னும் எனக்குத் தெரியலை" என்றார் மாசிலாமணி.

வடிவாம்பாள் மோர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"குடிங்க சார். வெயில்ல வந்திருக்கீங்க."

"நான் மோர் குடிக்க வரலைம்மா."

"குடிச்சுட்டும் கேக்கலாமே."

குடித்தார். உப்பு சரியாக இருந்தது. அது கூட அவருக்கு எரிச்சலாக இருந்தது.

வடிவாம்பாள் ஒரு காலத்தில் மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் பேராசிரியர். வேலையை விட்டுவிட்டு, தென்காசி தாண்டி மலையடிவாரத்தில் இந்த வீட்டில் இருக்கிறார். பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களுக்கு மறுபடியும் பேசப் பழக்குகிறார். கட்டிலில் தூக்கி வந்து போட்டவர்கள் வாய் திறந்து பேசிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார்கள். எப்படி என்று அவர் ஒரு பத்திரிகைக்கும் எழுதிக் கொடுத்ததில்லை.

மாசிலாமணியைவிடப் பத்து வயதாவது இளையவர். மாசிலாமணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குரு கிடைப்பதே கஷ்டம், இதில் வயது வேறு பார்க்க முடியுமா?

"என்னென்ன மூணு?" என்று கேட்டார் வடிவாம்பாள்.

"முதல்ல விலங்கியல். பறவையோட தொண்டையில குரல் எந்த இடத்துல பிறக்குதுன்னு பார்த்தேன். அப்புறம் கல்வியியல். குழந்தை பேச்சை எப்படிப் பிடிச்சுக்குதுன்னு. கடைசியா மருத்துவத்துல. மூளையில அடிபட்டா பேச்சு எப்படிப் போகுதுன்னு."

"பிறக்குது, வளருது, போகுது. முழுசாத்தானே இருக்கு?"

"திரும்பி வர்றது அதுல இல்லையேம்மா."

வடிவாம்பாள் அப்போதுதான் அவரை நேராகப் பார்த்தார்.

"யாருக்குத் திரும்பி வரணும்?"

இந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை எந்தத் தேர்வாளரும் கேட்டதில்லை. மாதிரிகள் போதுமா என்று கேட்டிருக்கிறார்கள். முன்னோடி ஆய்வுகளைச் சேர்த்தீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். யாருக்கு என்று கேட்டதில்லை.

"எங்கம்மா" என்றார். "செத்துப் போயி முப்பது வருஷம் ஆச்சு. அதுக்கு முன்னாடியே வாதத்துல பேச்சு போயிருச்சு. கடைசி நாள் என் கையைப் புடிச்சுக்கிட்டு 'கோ… கோ…'ன்னாங்க. கோயிலா, கோழியா, கோவமா, என்னன்னு பிடிபடலை."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"டாக்டரைக் கூப்பிட ஓடினேன்."

வடிவாம்பாள் காலி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார்.

"ஓடுனது தப்பாம்மா?"

"நான் எங்க சார் அப்படிச் சொன்னேன்?"

அந்த நேரம் பார்த்து யாரோ தொண்டையைச் செருமினார்கள். கனத்த ஆண்குரல்.

மாசிலாமணி திரும்பினார். ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் ஒருவர் இருந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை மடியில் வேறு யாருடையதோ போலக் கிடந்தது. செருமியது அவர் இல்லை. அவர் தலைக்கு மேலே ஒரு கூண்டு, கூண்டுக்குள் ஒரு மைனா.

சற்று முன் வாசலில் நுழைந்தபோதும் இதே ஏமாற்றம்தான். கேட்டைத் திறந்ததுமே, "யாரு? உள்ள வாங்க, வெயிலா இருக்கு" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வாய் நிறைய அழைத்தது. மாசிலாமணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நாற்காலியில் இருந்தவருக்குக் கைகூப்பி நன்றி சொன்னார். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மேலேயிருந்து மைனா மறுபடியும், "உள்ள வாங்க" என்றது.

"என் வீட்டுக்காரர் தாணு" என்றார் வடிவாம்பாள். "பேச்சு போயி நாலு வருஷம் ஆகுது."

"மைனா?"

"சிறகு ஒடிஞ்சு வாசல்ல கிடந்துச்சு. இவருதான் எடுத்து வளர்த்தாரு."

"நல்லா மிமிக்ரி பண்ணுது" என்றார் மாசிலாமணி.

பிறகு கேட்க வந்ததைக் கேட்டார்.

"போன பேச்சை நீங்க எப்படிம்மா திரும்பக் கொண்டு வர்றீங்க?"

"நான் எங்க கொண்டு வர்றேன்? வந்தா வருது. பேச வராதவங்களுக்குக் கூடச் சில பேருக்குப் பாட்டு வரும். பழைய பாட்டு ஏதாவது ஒண்ணைப் பாடம் பண்ணச் சொல்லுவேன். பாட்டைப் பிடிச்சுக்கிட்டே பேச்சுக்கு இறங்கிருவாங்க. சில பேரு இறங்கவே மாட்டாங்க."

"இது சிகிச்சை. நான் கேக்கறது தத்துவம்."

"அது எனக்குத் தெரியாதே."

"தெரியாதுன்னு சொல்லாதீங்கம்மா. என்னைச் சிஷ்யனா சேர்த்துக்குங்க. என்ன சொன்னாலும் செய்யறேன். ஒரு எதிர்க்கேள்வி கேக்க மாட்டேன்."

"கேக்க மாட்டீங்களா?"

"கேக்க மாட்டேன்."

வடிவாம்பாளுக்குச் சிரிப்பு வந்தது. எழுந்து போய்க் கூண்டைக் கொக்கியிலிருந்து எடுத்தார். நாற்காலியில் இருந்தவர் இடது கையை உயர்த்தி ஏதோ சத்தம் எழுப்பினார். சொல் இல்லை, வெறும் சத்தம்.

"ஒரு வாரந்தாங்க" என்றார் அவரிடம். "இது இல்லாம ஒரு வாரம் இருந்து பாருங்க. நானும் பார்க்கணும்."

கூண்டை மாசிலாமணியின் மடியில் வைத்தார்.

"இதைப் பாடம் பண்ணிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

மாசிலாமணிக்கு முகம் வெளுத்தது.

"இதையாம்மா?"

"இதைத்தான். ஏன், கஷ்டமா?"

"கஷ்டம்னு இல்லை…"

"எதிர்க்கேள்வி கேக்க மாட்டேன்னீங்க."

மாசிலாமணி கூண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

*

பாளையங்கோட்டை வீட்டில், கூண்டை எங்கே மாட்டுவது என்று அவர் மனைவி கிருபை இடம் தேடினாள்.

"மாட்ட வேண்டாம்" என்றார்.

"பின்ன?"

"பாடம் பண்ணணும்."

கிருபைக்கு அந்தச் சொல் பழக்கம். கல்யாணமான புதிதில் அவர் விலங்கியல் அருங்காட்சியகத்தில் உதவி ஆய்வாளர். உடும்பு, கீரி, ஆந்தை என்று எதையாவது தோலுரித்து, படிகாரம் தடவி, உள்ளே பஞ்சு அடைத்து, கண்ணாடிக் கண் வைத்துக்கொண்டிருப்பார். சட்டையில் அந்த வாடை போகாது. 'இன்னைக்கு எதைப் பாடம் பண்ணீங்க?' என்று கேட்டுவிட்டுத்தான் சோறு போடுவாள்.

"உயிரோட இருக்கறதையா?" என்றாள்.

"குரு சொல்லியிருக்காங்க."

"பேசுற பட்சிங்க இது. அந்தம்மா அப்படியா சொல்லியிருப்பாங்க? ஒரு போனைப் போட்டுக் கேளுங்க."

"எதிர்க்கேள்வி கேக்க மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"ஆராய்ச்சியில சந்தேகம் வந்தா லண்டனுக்கே எழுதிக் கேப்பீங்க. தென்காசிக்கு ஒரு போன் போட முடியாதா?"

"அது ஆராய்ச்சி. இது வேற, கிருபை."

"எனக்கு வேறயாத் தெரியலை" என்று சொல்லிவிட்டு அவள் கூண்டை அடுக்களை ஜன்னலில் மாட்டினாள்.

மாசிலாமணிக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் அவர் நிறையப் படித்தவர். குரு சிஷ்யக் கதைகளையும் விட்டுவைக்காமல் படித்தவர். குரு கேட்பது எப்போதுமே கொடுக்க முடியாததாகத்தான் இருக்கும். சிஷ்யன் தயங்கினால் கதை அங்கேயே முடிந்துபோகும். தயங்காமல் செய்தவனுக்குத்தான் கடைசி வரியில் எல்லாம் விளங்கும்.

கடைசி வரி வேண்டும் அவருக்கு. முப்பது வருஷமாக அதற்குத்தான் அலைகிறார்.

மைனா அந்த வீட்டில் சில நாள் இருந்தது. மாசிலாமணி அதன் எடையைப் பார்த்தார். அலகின் நீளத்தைப் பார்த்தார். சத்தம் போடும்போது தொண்டை எந்த இடத்தில் துடிக்கிறது என்று கண்ணாடி வைத்துப் பார்த்தார். பழைய வேலை, கை மறக்கவில்லை.

"என்னமோ ஒண்ணையே திரும்பத் திரும்பச் சொல்லுது, கேட்டீங்களா?" என்றாள் கிருபை.

"சத்தந்தான். அதுக்கு அர்த்தமெல்லாம் கிடையாது. கேட்டதை ஒப்பிக்கும்."

"வடிவு, தண்ணி குடிச்சியாங்குது."

"அவங்க பேரு. வீட்டுல கேட்டிருக்கும்."

"எவ்வளவு வாஞ்சையாக் கேக்குது தெரியுமா? அடுப்புல வெந்துக்கிட்டு நிக்கறப்ப சரியாக் கேக்குது. குடிச்சேன்யான்னு சொல்லிட்டு நானும் ஒரு வாய் குடிச்சுக்கறேன்."

மாசிலாமணி அதைக் காதில் வாங்கவில்லை. கண்ணாடிக் கண் எந்த அளவில் வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிருபை கோயிலுக்குப் போனாள். மணியடித்து, ஆராதனை தொடங்கிய சத்தம் தெருவரை வந்தது.

மாசிலாமணி கண்ணாடி ஜாடியில் பஞ்சு வைத்து, குளோரோஃபார்ம் ஊற்றினார். வலிக்காது என்று அவருக்குத் தெரியும். அதைப் பற்றி அவரே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்.

கூண்டின் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டார்.

மைனா அவர் கையைப் பார்த்தது.

"உள்ள வாங்க" என்றது.

*

கிருபை கோயிலிலிருந்து வந்தாள். வேதாகமத்தை மேஜையில் வைத்தாள். ஜன்னலைப் பார்த்தாள். பிறகு பின்கட்டில் விரித்திருந்த செய்தித்தாளையும் அதன் மேல் இருந்ததையும் பார்த்தாள்.

சத்தம் போடுவாள் என்று மாசிலாமணி எதிர்பார்த்தார். போடவில்லை.

மைனாவுக்கு வைத்திருந்த கிண்ணத் தண்ணீரைக் கருவேப்பிலைச் செடியில் ஊற்றினாள்.

"இனிமே யாரு என்னைக் கேப்பா?" என்றாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவரோடு அவள் பேசவில்லை.

*

வாரம் முடிந்ததும் மாசிலாமணி பஸ் ஏறினார். மடியில் ஒரு கண்ணாடிக் கூடு, சுற்றிலும் துண்டு. வழியெல்லாம் பள்ளம். பள்ளம் வரும்போதெல்லாம் குழந்தையைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டார்.

வேலை நன்றாக வந்திருந்தது. இவ்வளவு நன்றாக இதுவரை எதுவும் வந்ததில்லை. ஒடிந்த சிறகைக்கூட நிமிர்த்தி வைத்திருந்தார்.

கேட்டைத் திறந்தார். நடையில் நின்றார். எதற்காக நிற்கிறோம் என்று அவருக்கே புரியவில்லை.

கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை.

"அம்மா" என்று கூப்பிட்டார்.

வடிவாம்பாள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"வாங்க வாங்க, எப்ப வருவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். ரெண்டு நாளா அவரு தானாவே வாயை அசைக்கிறாரு சார். வாசல்ல ஆள் சத்தம் கேட்டா உதடு குவியுது. காத்துதான் வருது, ஆனா குவியுது. நாலு வருஷமா இல்லாதது. எங்க, கூண்டைக் காணோம்?"

"கூண்டு தேவைப்படலைம்மா."

"அடடே. சிறகு கூடிருச்சா? பறந்திருச்சா?"

சந்தோஷமாகத்தான் கேட்டார்.

"இல்லம்மா" என்றார் மாசிலாமணி. "நீங்க சொன்ன மாதிரியே பாடம் பண்ணிட்டேன்."

துண்டை எடுத்தார்.

மைனா ஒரு கொய்யாக் கிளையில் உட்கார்ந்திருந்தது. தலையைக் கொஞ்சம் சாய்த்து, வாசலைப் பார்த்தபடி. கண்ணில் வெளிச்சம் பட்டு மின்னியது.

"அலகைக் கொஞ்சம் திறந்த மாதிரி வச்சிருக்கேன், பாருங்க. பேச வாயெடுத்த மாதிரி. அதுதான் ரொம்பக் கஷ்டம். நாக்கு சுருங்கிரும்."

வடிவாம்பாள் பார்த்தார்.

அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. மலர்ந்தது மலர்ந்தபடியே நின்றுவிட்டது. அதுதான் பார்க்கப் பயங்கரமாக இருந்தது. ஈரக்கையிலிருந்து ஒரு சொட்டு கண்ணாடியின் மேல் விழுந்து வழிந்தது.

"பாடம் பண்ணச் சொன்னேன்" என்றார்.

"பண்ணியிருக்கேன்மா."

"பாட்டைப் பாடம் பண்றதுன்னு சொல்லுவோமே. கேட்டுக் கேட்டு… மனசுல…"

நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

மாசிலாமணிக்கு முதலில் காதுதான் அடைத்தது. கண்ணாடிக் கூட்டைத் தரையில் வைக்க வேண்டும் என்று நினைத்தார். குனிய முடியவில்லை.

பாடம். எத்தனையோ தரம் எழுதிய சொல். மூன்று ஆய்வேட்டிலும் இருக்கிற சொல்.

"அம்மா… நான்… நீங்க சோதிக்கறீங்கன்னு…"

"எதுக்கு சார் நான் உங்களைச் சோதிக்கணும்?"

கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பார். அந்தக் குரலில் கோபம் இல்லை. தெரியாததைக் கேட்கிற குரல்.

"ஒரு வாரம் உங்ககிட்ட இருந்துச்சே" என்றார் வடிவாம்பாள். "என்ன சொல்லுச்சு?"

"எடை… நூத்துப் பத்து கிராமுக்கு…"

"என்ன சொல்லுச்சு?"

அவர் யோசித்தார். தொண்டை துடித்த இடம் ஞாபகம் இருந்தது. கண்ணாடியில் தெரிந்த சிவந்த தசை ஞாபகம் இருந்தது. சொல் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. பிறகு, அடுக்களையிலிருந்து கிருபையின் குரலில் ஒன்று வந்தது.

"வடிவு… தண்ணி குடிச்சியான்னு…"

சொன்ன பிறகுதான் அவர் அதைக் கேட்டார்.

வடிவாம்பாளைப் பார்த்தார். வருகிறவர்கள் எல்லாரும் அம்மா என்பார்கள். டாக்டர் என்பார்கள். அவரும் அம்மா என்றுதான் சொன்னார்.

"என்னை வடிவுன்னு கூப்பிடறது ஒருத்தர்தான்" என்றார் வடிவாம்பாள். "அவரு பேச்சு போயி நாலு வருஷம் ஆச்சுன்னு அன்னைக்கே சொன்னேனே சார்."

மாசிலாமணி கண்ணாடிக்குள் இருந்ததைப் பார்த்தார்.

வாசலில் அவரை வாய் நிறைய அழைத்த குரல். அந்தச் செருமல். கூண்டுக்குள் கையை விட்டபோது சொன்ன அந்த ஒரு வார்த்தை.

"இவருக்கு இது சொல்லிக் கொடுக்குமுங்க" என்றார் வடிவாம்பாள், மைனாவைப் பார்த்துக்கொண்டே. "இவரு பேசினதை இவருக்கே. அது சொல்லச் சொல்ல இவரு கூடவே உதட்டை வச்சுப் பார்ப்பாரு. அந்தக் குரல் உலகத்துல வேற எங்கயும் இல்லை. நான் அப்ப எதுலயும் பிடிச்சு வைக்கலை. பக்கத்துலயே இருக்கற ஆளு, எதுக்குன்னு இருந்துட்டேன்."

மாசிலாமணிக்கு ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது. யாரையாவது கூப்பிட ஓட வேண்டும் போல இருந்தது. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை.

"நான் சொல்றேன்மா" என்றார். "தெனம் வந்து உட்கார்ந்து சொல்றேன். அது சொன்ன மாதிரியே. வடிவு, தண்ணி குடிச்சியா? வடிவு…"

"வேண்டாம் சார்."

"வடிவு, தண்ணி…"

"அவரு அப்படிக் கேக்க மாட்டாரு" என்றார் வடிவாம்பாள்.

உள்ளே சாய்வு நாற்காலி கிறீச்சிட்டது.

ஒரு காலை ஊன்றி, ஒரு காலை இழுத்து வருகிற சத்தம். சுவரைப் பிடித்துக்கொண்டு தாணு நடைக்கு வந்துகொண்டிருந்தார்.

வடிவாம்பாள் பதறிப்போய் முந்தானையை விரித்துக் கண்ணாடியை மூடினார். ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் தெரிந்தது.

"நீங்க ஏன் எந்திரிச்சு வந்தீங்க? உள்ள போங்க. சொன்னாக் கேளுங்க, போங்க."

தாணு போகவில்லை. நெருங்கி வந்தார். இடது கையால் முந்தானையை விலக்கினார்.

மைனாவைப் பார்த்தார். தலை சாய்ந்திருந்ததைப் பார்த்தார். திறந்திருந்த அலகைப் பார்த்தார். அது சொல்லும் என்று நினைத்தாரோ என்னவோ, கொஞ்ச நேரம் காத்திருந்தார். காதைக் கண்ணாடியில் வைத்துக்கூடக் கேட்டார்.

பிறகு நிமிர்ந்து மாசிலாமணியைப் பார்த்தார்.

கோணிய உதடு மெல்லக் குவிந்தது. காற்று வந்தது. மறுபடியும் குவிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. தொண்டையில் எந்த இடம் துடித்தது என்று மாசிலாமணி பார்க்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, காதால் கேட்டுக்கொண்டு நின்றார்.

"யா…"

வடிவாம்பாளின் கையிலிருந்து முந்தானை நழுவியது.

"யா… ரு?"

அதே குரல்.

மூன்று பட்டங்களையும் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிற மாசிலாமணி, பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.